"வயசாயிடுச்சுல்ல"ன்னு விட்டுடாதீங்க: வயசான நாயைப் பாத்துக்கறப்போ நாம பண்ற தப்புகள்

எங்க நாய் செம்பிக்கு 11 வயசு முடிஞ்ச சமயம் ராத்திரில ஹால்லயே ஒண்ணுக்கு போக ஆரம்பிச்சா. அதுவரைக்கும் ஒரு நாள் கூட வீட்டுக்குள்ள போனதில்ல, கேட்டுகிட்ட போய் நின்னு குரல் குடுப்பா, நாங்க எந்திரிச்சு திறந்து விடுவோம். வயசாயிடுச்சு, அடக்க முடியலன்னு நானே முடிவு பண்ணி, சாயங்காலம் 7 மணிக்கு மேல தண்ணி கிண்ணத்த எடுத்து வச்சுட்டேன். குடிச்சாதானே போவான்னு நெனச்சேன். மூணு வாரம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள் விடியக்காலைல பாத்ரூம்ல சத்தம் கேட்டு போய் பாத்தா, தரையில தேங்கி நின்ன தண்ணிய நக்கிட்டு இருக்கா, என்னைப் பாத்ததும் தப்பு பண்ணின மாதிரி காத மடக்கிட்டு ஒதுங்கி நின்னா. அன்னிக்கே ரத்தம் எடுத்தோம், கிட்னி கெட்டுப் போயிருக்குன்னு ரிசல்ட் வந்துச்சு.

கிட்னி சரியில்லன்னா அதால தண்ணிய உடம்புல நிறுத்தி வைக்க முடியாது, மூத்திரமா வெளியேத்திட்டே இருக்கும், போன தண்ணிய ஈடு கட்டத்தான் நாய் ஓயாம குடிக்குது. அந்த நேரத்துல தண்ணிய நிறுத்தினா உடம்பு வறண்டு, இருக்கற கிட்னியும் இன்னும் கெடும். இத எழுதறப்போ இப்பவும் எனக்கு கை நடுங்குது. அதனால முதல் தப்பா இதத்தான் சொல்லுவேன், வயசான நாய்க்கு தண்ணிய மட்டும் என்னிக்கும் குறைக்காதீங்க. சர்க்கரை வியாதி, கருத்தடை பண்ணாத பொட்டைக்கு கர்ப்பப்பையில சீழ் புடிக்கறது, இதுக்கெல்லாம் கூட முதல் அடையாளம் அதிகமா தண்ணி குடிக்கறதுதான். அளந்து பாக்கறது ரொம்ப ஈஸி, காலைல ஒரு லிட்டர் பாட்டில்ல அளந்து ஊத்துங்க, தீர தீர அளந்தே ஊத்துங்க, மறுநாள் காலைல மிச்சம் எவ்வளவுன்னு கழிச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல போனா, அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல குடிச்சா, டாக்டர்கிட்ட ரத்தமும் மூத்திரமும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ரத்த டெஸ்ட்ல கிட்னி நிலைய காட்டற நம்பர் கிரியேட்டினின், "அது கொஞ்சம்தானே ஏறியிருக்கு"ன்னும் விட்டுடாதீங்க, கிட்னியோட வேலைல முக்கால்வாசி போன பிறகுதான் அந்த நம்பரே ஏற ஆரம்பிக்கும்.

வயசுங்கறது ஒரு வியாதி இல்லைங்க. மாடிப்படி ஏறாம நிக்குது, கூப்பிட்டா மெதுவா வருது, புள்ளைங்க தொட்டா உறுமுதுன்னு சொல்லிட்டு கூடவே "வயசாயிடுச்சுல்ல"ன்னு முடிச்சிடறோம். பல சமயம் அது வலிதான். நாய் வலிக்குதுன்னு கத்தும்னு எதிர்பாக்காதீங்க, அடக்கிக்கிட்டு படுத்துக்கும். எந்திரிக்கறப்போ முன்னங்கால ஊனி பின்பக்கத்த இழுத்துக்கிட்டு எந்திரிக்குதா, ஒரே மூட்ட திரும்பத் திரும்ப நக்குதா, உக்காரும்போது ஒரு பக்கமாவே சாயுதா, இதத்தான் பாக்கணும். போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டுப் போங்க, ஏன்னா ஆஸ்பத்திரிக்குள்ள போனதும் பயத்துல நல்லா நடந்து காட்டிடும்.

வலின்னு தெரிஞ்சதும் அடுத்த தப்பு வரும், வீட்டுல இருக்கற மாத்திரைய உடைச்சு குடுக்கறது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. நாம போடற இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி ரத்த வாந்தி வரைக்கும் கொண்டு போய் விடும், கிட்னியையும் அடிக்கும். பாராசிட்டமால் ஈரல கெடுக்கும். நாய்க்குன்னே இருக்கற வலி மருந்த டாக்டர் எடைக்கு தகுந்தபடி எழுதுவார், அதுலயும் ஏற்கனவே ஸ்டீராய்டு ஓடுதுன்னா கட்டாயம் சொல்லிடுங்க, ரெண்டும் சேரக்கூடாது. அதே மாதிரி ரொம்ப நாளா குடுக்கற ஸ்டீராய்ட, நாய் நல்லா ஆயிடுச்சேன்னு ஒரே நாள்ல நிறுத்திடக்கூடாது, படிப்படியாதான் குறைக்கணும். எல்லா மாத்திரையோட அட்டையும் ஒரு கவர்ல போட்டு வச்சுக்கிட்டா எந்த டாக்டர்கிட்ட போனாலும் காட்டிடலாம்.

வீட்டுத் தரைய யாரும் யோசிக்கறதே இல்ல. பளபளன்னு டைல்ஸ், கிரானைட் போட்டிருப்போம், மூட்டு தேஞ்ச நாய்க்கு அதுல ஒவ்வொரு அடியும் வழுக்கும். செம்பி தண்ணி கிண்ணத்துகிட்ட போறப்போ பின்னங்கால் ரெண்டும் தனித்தனியா விரிஞ்சு அப்படியே தரையோட தரையா உக்காந்துடுவா, கொஞ்ச நேரம் சுத்தி முத்தி பாப்பா, அப்புறம் குடிக்காமலே திரும்பிப் போயிடுவா. படுக்கற இடத்துலருந்து கிண்ணம் வரைக்கும், அங்கருந்து வாசல் வரைக்கும் பழைய ரப்பர் மேட்ட வெட்டி பாதை மாதிரி போட்டோம், ரெண்டு செங்கல் வச்சு கிண்ணத்த உயர்த்தினோம், நகத்தையும் வெட்டி விட்டோம். அன்னிக்கு சாயங்காலமே அவளா நடந்து போய் நின்னு நிதானமா குடிச்சா, பாத்துட்டு என் பொண்ணு அழுதுட்டா. அவ்வளவு சின்ன விஷயம்ங்க அது.

தரை தொடைக்கிற ஃபினாயில் வாசம் தீராத இடத்துல படுக்க விடாதீங்க, தோலும் மூக்கும் எரியும், நக்கினா வயித்துக்குள்ளயும் போகும்.

சாப்பாட்டுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. பாவம் வயசாச்சுன்னு கேட்டதெல்லாம் குடுத்து குண்டாக்கறது ஒண்ணு, ஒவ்வொரு கிலோவும் அந்த தேஞ்ச மூட்டுல போய்தான் உக்காரும். இன்னொண்ணு, வயசானா செரிக்காதுன்னு மூணு வேளையும் வெறும் தயிர்சாதம். கிட்னி, ஈரல் எல்லாம் சரியா இருக்கற கிழட்டு நாய்க்கு நல்ல புரதம் வேணும், இல்லன்னா தொடைச் சதை கரைஞ்சு எலும்பு தெரியும். கிட்னி போன நாய்க்குதான் பாஸ்பரஸ் குறைக்கணும், அதுக்கு எலும்பு, ஈரல், பால் சாமான் எல்லாம் குறைச்சு, புரதத்த டாக்டர் சொல்ற அளவுல குடுக்கணும். திராட்சை எந்த நாய்க்குமே ஆகாது, காய்ஞ்ச திராட்சையும் சேர்த்துதான், அது கிட்னிய நேரா தாக்கும், பண்டிகைக்கு பாயசம் கேசரி செய்யற வீட்டுல இத எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

கண்ணு நீல நிறமா மங்கினா உடனே பூ விழுந்துடுச்சு, குருடாயிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க. வயசுல லென்ஸ் இறுகறதாலயும் அப்படித் தெரியும், பார்வை பெருசா போகாது, எதுன்னு டாக்டர் லைட் அடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். தாத்தாவுக்கு வாங்கின சொட்டு மருந்த மட்டும் ஊத்தாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து கண்ணுல புண்ணும் இருந்தா கண்ணே போயிடும். நிஜமாவே பார்வை போயிருந்தா சோபா கட்டில இடம் மாத்தாம இருங்க, அது வீட்ட மனப்பாடமா வச்சிருக்கும்.

ராத்திரி தூங்காம சுத்துது, மூலையில போய் சுவத்தப் பாத்து நிக்குது, காரணமில்லாம ஊளை விடுதுன்னா திட்டாதீங்க. மனுஷங்களுக்கு வர்ற மறதி வியாதி மாதிரி நாய்க்கும் மூளை தளரும். முதல்ல வலி இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா ஒரு சின்ன நைட் லேம்ப், தினமும் அதே நேரத்துக்கு சாப்பாடு, பக்கத்துல ஒரு ஆள், இதுவே கொஞ்சம் அடக்கும்.

இதயத்துல கோளாறு இருக்கற நாய்க்கு வீட்டுலயே ஒரு டெஸ்ட் இருக்கு. நல்லா தூங்கறப்போ நெஞ்சு ஏறி இறங்கறத 30 செகண்டு எண்ணி ரெண்டால பெருக்குங்க. நிமிஷத்துக்கு 30க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா, இருமல் வர்ற வரைக்கும் காத்திருக்காம கூட்டிட்டுப் போயிடுங்க.

கிழட்டு நாய்க்கு எதுக்கு ஊசின்னு வெறிநாய்க்கடி தடுப்பூசிய நிறுத்தறதும் தப்பு, டாக்டரே வேண்டாம்னு சொன்னா ஒழிய போடணும். காசு கஷ்டம்னா அரசு கால்நடை ஆஸ்பத்திரி இருக்கு, பெரிய சிகிச்சைக்கு 1903ல ஆரம்பிச்ச, இப்ப சென்னை வேப்பேரில இருக்கற கால்நடை மருத்துவக் கல்லூரி, அப்புறம் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகள் எல்லாம் இருக்கு.

நடக்கவே முடியாம படுத்துட்டா தடிமனா மெத்தை போட்டு மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடுங்க, இடுப்பெலும்பும் முழங்கையும் முதல்ல சிவக்கும். ஈரத்த உடனே தொடைச்சிடுங்க, ஈ உக்காந்து ஒரே நாள்ல புழு வச்சிடும், நம்ம ஊர் வெயிலுக்கு அது ரொம்ப வேகமா நடக்கும்.

கடைசி ஊசி போடற முடிவு பத்தி நான் யாருக்கும் புத்தி சொல்ல மாட்டேன். ஒரு காலண்டர்ல தினமும் குறிச்சு வைங்க, இன்னிக்கு சாப்பிட்டுச்சா, வால் ஆட்டுச்சா, வலியில்லாம தூங்குச்சா. கெட்ட நாளுங்க நல்ல நாள விட அதிகமாகறப்போ டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க. அப்படி ஒரு நாள் வந்தா, பாக்க முடியாதுன்னு வெளிய போய் நிக்காதீங்க. முதல்ல தூங்கறதுக்குத்தான் மருந்து குடுப்பாங்க, கண்ணு சொக்கற வரைக்கும் அது உங்களத்தான் தேடும். செம்பி தேடினப்போ நான் அவ தலைய என் மடியில வச்சிருந்தேன், காதுக்குப் பின்னாடி அவளுக்குப் புடிச்ச இடத்துல தடவிக்கிட்டே இருந்தேன்.