மீன் வைரஸ் நோய்களை ஆராயச் செல் வரிசைகளைப் பயன்படுத்தும் முறை

நோயுற்ற மீனின் திசுவில் ஒரு வைரஸின் மரபணுத் துண்டு இருப்பதைப் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் காட்டிவிடும். ஆனால் அந்த வைரஸ் இன்னும் தொற்றும் திறனோடு இருக்கிறதா, புதிய செல்லுக்குள் புகுந்து பெருகுமா என்பதை அறிய உயிருள்ள செல்கள் தேவை. வானவில் டிரவுட் மீனின் இனப்பெருக்கச் சுரப்பியிலிருந்து உல்ஃபும் குவிம்பியும் உருவாக்கிய ஆர்டிஜி-2 என்ற செல் வரிசை 1962-இல் வெளியானது. மீன் செல்களையும் தலைமுறை தலைமுறையாகக் குடுவையில் வளர்க்க முடியும் என்பது அப்போது உறுதியானது. செல் வளர்ப்பில் அடிப்படைப் பயிற்சி பெற்ற ஒருவர் அத்தகைய வரிசைகளைக் கொண்டு வைரஸைப் பிரித்தெடுத்து, அளந்து, அடையாளம் காணும் வழி இங்கே விளக்கப்படுகிறது.

முதல் முடிவு, எந்தச் செல் வரிசை என்பது. எல்லா வைரஸ்களையும் ஏற்கும் செல் வரிசை எதுவும் இல்லை. குருதிக்கசிவு செப்டிசீமியா வைரஸுக்கு நீலச்செவுள் மீன் குஞ்சிலிருந்து வந்த பிஎஃப்-2 நன்கு இணங்கும்; தொற்றும் இரத்தவாக்கத் திசுநசிவு வைரஸுக்கு இபிசி என்ற வரிசை பொருந்தும்; கொடுவா, களவா ஆகியவற்றின் குஞ்சுகளைக் கொல்லும் பீட்டாநோடா வைரஸுக்கு விரால் மீனிலிருந்து பெறப்பட்ட எஸ்எஸ்என்-1 அல்லது அதிலிருந்து பிரித்த இ-11 வேண்டும்; கோய் ஹெர்பிஸ் வைரஸுக்குக் கெண்டை மீனின் மூளைச் செல்கள் உதவும். நோய்க்காரணி இன்னதென்று தெரியாதபோது குறைந்தது இரண்டு வரிசைகளில் ஒரே மாதிரியைச் செலுத்துவதும், அவற்றில் ஒன்று நோயுற்ற மீனின் இனத்திலிருந்தோ நெருங்கிய இனத்திலிருந்தோ வந்ததாக இருப்பதும் நல்லது.

செல் வரிசையின் பெயர்ச்சீட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. இபிசி செல்கள் கெண்டை மீனின் தோல் கட்டியிலிருந்து வந்தவை என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டன. அவை ஃபேட்ஹெட் மின்னோ என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்தவை என்று 2010-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. எஸ்எஸ்என்-1 வரிசையோ விரால் மீனின் ரெட்ரோவைரஸ் ஒன்றை நிரந்தரமாகச் சுமந்துகொண்டே வளர்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் காணும் துகள்களையும் மரபணு வரிசைப்படுத்தலின் முடிவுகளையும் விளக்கும்போது இதை மறந்தால் தவறான வைரஸைக் கண்டுபிடித்ததாக அறிவிக்க நேரும். ஆகவே புதிதாக வந்த எந்த வரிசையையும் தனியே வைத்து, இனங்களைப் பிரித்தறிய உதவும் சிஓஐ மரபணுவை வரிசைப்படுத்தி இனத்தை உறுதிசெய்து, செல் வளர்ப்பில் வெளியே தெரியாமல் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவுக்கான சோதனையும் முடித்த பின்னரே பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தொடக்க நிலைச் செல்களில் ஒரு பங்கைப் உறைதலின் சேதத்திலிருந்து காக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடைப் பத்து விழுக்காடு சேர்த்துத் திரவ நைட்ரஜனில் சேமித்து வைப்பது அவசியம்.

வளர்ப்பு ஊடகமாக எல்-15 பெரும்பாலும் போதுமானது. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய அடைகாப்புப் பெட்டி இல்லாமலே அதன் அமிலகார நிலை நிலைத்திருப்பது பெரிய வசதி. வழக்கமாகப் பத்து விழுக்காடு கன்றுக் கருச் சீரம் சேர்த்துச் செல்களை வளர்த்து, வைரஸைச் செலுத்தும்போது சீரத்தின் அளவைக் குறைக்கலாம்.

வெப்பநிலையில்தான் அதிகமான முயற்சிகள் வீணாகின்றன என்பது என் கணிப்பு. செல்கள் விரைந்து வளரும் வெப்பநிலையும் வைரஸ் பெருகும் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இபிசி செல்கள் 25 டிகிரி செல்சியஸில் செழிப்பாக வளரும். அதே செல்களில் இரத்தவாக்கத் திசுநசிவு வைரஸைத் தேடும்போது குடுவையை 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். பீட்டாநோடா வைரஸிலேயே களவா வகை 25 முதல் 30 டிகிரி வரை விரும்ப, குளிர்நீர் மீன்களைத் தாக்கும் வகை 20 டிகிரிக்குக் கீழே நன்கு பெருகும். மீன் நோயுற்ற நீரின் வெப்பநிலையைக் குறித்துவைத்துத் தொடங்குவதே சரியான வழி.

சிறுநீரகம், மண்ணீரல், இதயம் ஆகியவற்றையும், நரம்பு மண்டல நோய் என்று ஐயம் இருந்தால் மூளையையும் கண்ணையும் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். உறைந்து உருகும்போது வைரஸின் வீரியம் குறையும். திசுவை அதன் எடையைப் போல் ஒன்பது மடங்கு ஊடகத்தில் குளிர்ந்த நிலையில் அரைத்து, 4 டிகிரியில் மையவிலக்கி, மேல்தெளிவை மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஜென்டமைசினோடு ஓர் இரவு வைத்தோ 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தியோ பாக்டீரியாக்களை நீக்க வேண்டும். பிறகு ஓரிரு நாள் வயதுள்ள இளம் செல் படலத்தில் குறைந்தது இரண்டு நீர்த்தல்களில் செலுத்தி, ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, புதிய ஊடகம் ஊற்ற வேண்டும். அடர்த்தியான சாறு தானே செல்களை நஞ்சாகத் தாக்கலாம் என்பதால் இரண்டாவது நீர்த்தல் முக்கியமானது. ஏதும் செலுத்தாத கட்டுப்பாட்டுக் குடுவையும், தெரிந்த வைரஸைச் செலுத்திய குடுவையும் உடன் இருக்க வேண்டும். பின்னதைச் சிக்கனம் கருதி விட்டுவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அது இல்லாமல் கிடைக்கும் எதிர்மறை முடிவுக்கு மதிப்பில்லை.

ஏழு முதல் பத்து நாள் வரை தலைகீழ் நுண்ணோக்கியில் நாள்தோறும் பார்க்க வேண்டும். திராட்சைக் கொத்துப் போல் உருண்டு திரளும் செல்கள் ராப்டோ வைரஸையும் (குருதிக்கசிவு செப்டிசீமியா, இரத்தவாக்கத் திசுநசிவு வைரஸ்கள் இந்தக் குடும்பத்தவை), செல்லுக்குள் தோன்றும் குமிழ்கள் பீட்டாநோடா வைரஸையும், குமிழ்களோடு பல செல்கள் ஒன்றாக இணைந்துவிடும் தோற்றம் கோய் ஹெர்பிஸையும் நினைவூட்டும். நினைவூட்டும் என்பதோடு நிற்க வேண்டும். உறுதிசெய்வது பிசிஆர், ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை, மரபணு வரிசைப்படுத்தல் ஆகியவற்றின் வேலை. மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் அந்த ஊடகத்தை எடுத்துப் புதிய செல்களில் மீண்டும் ஒருமுறை செலுத்திப் பார்த்த பிறகே எதிர்மறை என்று எழுதலாம். அப்போதும் அது இந்தச் செல்களில், இந்த வெப்பநிலையில் வைரஸ் வளரவில்லை என்ற பொருளையே தரும்.

பிரித்தெடுத்த வைரஸை அளக்க 96 குழித் தட்டில் பத்து மடங்கு நீர்த்தல் தொடரை அமைத்து, ரீடும் மியூஞ்ச்சும் 1938-இல் வெளியிட்ட கணக்கீட்டால், செல்கள் வளரும் குழிகளில் பாதியில் தொற்றை உண்டாக்கும் அளவைக் கண்டறியலாம். இருப்பு வைரஸைப் பெருக்கும்போது நூறு செல்லுக்கு ஒரு தொற்றும் துகள் என்ற தாழ்ந்த விகிதத்தில் தொடங்கினால், தாமாகப் பெருக முடியாத குறையுள்ள வைரஸ் துகள்கள் சேர்வது தடைபடும். செல்களில் திரும்பத் திரும்பப் பெருக்கப்பட்ட வைரஸ் மீனில் நோய் உண்டாக்கும் திறனை இழக்கக்கூடும். எனவே ஆரோக்கியமான மீனில் செலுத்தி அதே நோய் தோன்றுகிறதா, அதே வைரஸ் மீண்டும் கிடைக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்காக, புதிய செல்களுக்கு மாற்றி வளர்த்த முதல் சில சுற்றுகளின் வைரஸை, அதாவது தொடக்க மறுவளர்ப்புகளை, சிறு குப்பிகளில் பிரித்து, மறுவளர்ப்பு எண்ணையும் செல் வரிசையின் பெயரையும் எழுதி, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும்.