சைல்ட்கேரை நிறுத்தப் போகிறீர்களா? கடைசி நாளில் பிள்ளை அங்கே இருக்க வேண்டும்

ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கியதும் நம்மவர்கள் சைல்ட்கேர் சப்சிடி, அதாவது பிள்ளைகள் காப்பகக் கட்டணத்தில் அரசு ஏற்கும் பங்கு, வாங்குவது எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். அதை நிறுத்துவது எப்படி என்று யாரும் விசாரிப்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

வாங்குகிற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஆர் (நிரந்தரக் குடியுரிமை விசா) இருந்தால் வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம். தற்காலிக விசாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. மைகவ் என்ற அரசு இணையக் கணக்கில், உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கை இணைத்து, கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் மதிப்பிட்டுப் போடுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) காட்டி இங்கத்திய பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சைல்ட்கேர் சென்டர் அனுப்பும் என்ரோல்மென்ட்டை (சேர்க்கைப் பதிவு) மைகவ்வில் உறுதிசெய்யுங்கள். சப்சிடி உங்கள் கைக்கு வராது, நேரே சென்டருக்குப் போகும். மீதிக் கட்டணம்தான் உங்களுடையது. 2026 ஜனவரியிலிருந்து தகுதியுள்ள குடும்பங்களுக்கு இரண்டு வாரத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் உண்டு, அதாவது வாரம் மூன்று நாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை வராத நாளுக்கும் இங்கே சென்டருக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் ஜூலை முதல் ஜூன் வரையான நிதியாண்டில் ஒரு பிள்ளைக்கு 42 ஆப்சென்ட் நாட்கள் வரை சப்சிடியும் சேர்ந்து வரும். இந்த 42 எல்லோருக்கும் மனப்பாடம். சென்டரில் சேரும்போதே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது இதுதான்: பிள்ளை நேரில் வந்த கடைசி நாளுக்குப் பிறகு விழும் ஆப்சென்ட் நாட்களுக்குப் பொதுவாகச் சப்சிடி கிடையாது. 42 நாளில் ஒன்றைக்கூடத் தொட்டிருக்காவிட்டாலும் கிடையாது. உடம்பு சரியில்லாதது போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஊருக்குப் போனதும் வீடு மாறியதும் அதில் வராது.

சிட்னி வெஸ்ட்மீடில் எங்கள் பக்கத்துப் பிளாட்டில் இருந்த மதுரைப் பெண்ணுக்கு இதுதான் நடந்தது. மகனுக்குக் காதுகுத்து என்று ஐந்து வாரம் ஊருக்குப் போனாள். வாரம் மூன்று நாள் இடத்தை விடாமல் பணம் கட்டிக்கொண்டுதான் போனாள். எல்லாம் 42-க்குள் அடங்கும், சென்டரிலும் சரி என்றார்கள். போன இடத்தில் இருக்கும்போது கணவனுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தது. இனி பழைய சென்டர் எதற்கு என்று அங்கிருந்தே இமெயிலில் நோட்டீஸ் கொடுத்தாள், நோட்டீஸ் காலமும் அந்த ஐந்து வாரத்துக்குள்ளேயே முடியும்படி. ஒழுங்காக, மரியாதையாக எழுதிய கடிதம், நான் படித்தேன்.

சென்டர் என்ரோல்மென்ட்டை முடித்தது. முடித்த உடனே, ஊருக்குக் கிளம்பும் முன் பையன் போன அந்த வெள்ளிக்கிழமை அவனுடைய கடைசி நாள் ஆகிவிட்டது. அதற்குப் பிந்திய ஐந்து வாரத்துக்கும் ஏற்கெனவே கொடுத்திருந்த சப்சிடி திரும்பப் போய், முழுக் கட்டணத்துக்கு அவளுக்குப் பில் வந்தது. ஒரு நாளைக்கு 140 டாலர், சப்சிடி 80 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு 420 டாலர் கட்டியிருக்க வேண்டிய இடத்தில் 2,100 டாலர். புது ஊரில் வாடகை பாண்டு (வீட்டு முன்பணம்) கட்ட வைத்திருந்த பணம் இதற்குப் போனது.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. அவள் யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை. நோட்டீஸ் கையில் கிடைத்ததும், "ஒரே ஒரு நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நிறுத்துங்கள்" என்று சென்டரில் ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சிட்னிக்குத் திரும்பி வந்துதான் வீட்டைக் காலி செய்தாள். அந்த வாரம் ஒரு நாள் பையன் அங்கே போய் விளையாடிவிட்டு வந்திருந்தால், ஐந்து வாரமும் இரண்டு வருகைக்கு நடுவில் விழுந்த ஆப்சென்ட் ஆகி, சப்சிடியோடு நின்றிருக்கும்.

நம் ஊரில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்? "திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டான் டீச்சர்" என்று வாசலில் நின்று சொன்னால் முடிந்தது. ஆயாம்மா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, நன்றாகப் படி என்று அனுப்பிவைப்பார். கட்டின டெர்ம் ஃபீஸ் போனால் போகட்டும் என்று விடுவோம், புதிதாக ஒரு பில் வீடு தேடி வராது. அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் நோட்டீஸ் கொடுத்த கையோடு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறோம், பாட்டி தாத்தா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் நிறுத்துகிற தேதியைப் பிள்ளை போகிற நாளாகப் பார்த்து வையுங்கள். உங்கள் நாட்கள் திங்கள், செவ்வாய், புதன் என்றால் கடைசி வாரத்துப் புதன்கிழமை அவன் அங்கே இருக்க வேண்டும்; அரை நாள் இருந்தாலும் சரி, உள்ளே வந்ததும் போனதும் பதிவாகட்டும். இந்தத் தேதிதான் கடைசி என்று சென்டரிடமிருந்து இமெயிலில் வாங்கி வையுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஊரில் இருக்கும்போது முடிவு மாறினால், திரும்பி வந்து ஒரு நாள் அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு நோட்டீஸ் எழுதுங்கள். சேரும்போதும் இதே விதிதான். முதல் நாளே லீவு போட்டால், பிள்ளை முதன்முதலில் கால் வைக்கும் நாள் வரை பொதுவாக முழுக் கட்டணம்.

டிசம்பரில் கிளம்பிப் பொங்கல் முடித்து வருகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் சப்சிடி நின்றுவிடும். பிள்ளை தொடர்ந்து 14 வாரம் போகாவிட்டால் என்ரோல்மென்ட் தானாக முடியும். 26 வாரம் ஆனால் சப்சிடித் தகுதியே போய், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

வேறு சென்டருக்கு மாறுகிறவர்கள் சென்டர்லிங்கில் எதையும் ரத்து செய்ய வேண்டாம். புது என்ரோல்மென்ட்டை உறுதிசெய்தால் போதும், மாநிலம் மாறினாலும் அப்படித்தான். ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர்கள் சென்டர்லிங்குக்குச் சொல்லிவிட்டு, அந்த ஆண்டுக்கான டேக்ஸ் ரிட்டர்னை இருவரும் மறக்காமல் போடுங்கள். வழக்கமாகச் சப்சிடியில் 5 சதவீதத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். உங்கள் வருமானம் உறுதியான பிறகுதான் கணக்கு நேர்செய்து மீதியை அனுப்புவார்கள், அதனால் அது வரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.