கருவி எழுந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? துவக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தோடு இணைந்த சிறு கருவிகளைச் செய்பவர்கள் இப்போது தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மின்மீட்டரைப் படித்து இணையத்துக்கு அனுப்புகிற கேட்வே, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைச் சொல்கிற பெட்டி, குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையைக் கண்காணிக்கிற போர்டு என்று விதவிதமாக வருகின்றன. புதியவர்கள் கொண்டுவரும் வடிவமைப்புகளைப் பார்க்க உட்காரும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் அநேகமாக அதே வரிசையில் வந்து நிற்கின்றன. மேசைமேல் எல்லாமே ஓடும். கருவியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஏணியை எடுத்துப் போன பிறகுதான் பிழை வெளியே வரும்.

கடவுச்சொல்லை 'அட்மின்' என்றே விடுவது, டெல்நெட் என்ற பாதுகாப்பற்ற தொலை இணைப்பைத் திறந்துவைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. 2016-இல் இப்படிப்பட்ட கருவிகளைக் கைப்பற்றிய மிராய் என்ற தீம்பொருள் அந்தப் பாடத்தை உலகத்துக்கே நடத்திவிட்டது. மின்சாரம் வந்த நொடியிலிருந்து கருவி மறுபடி நம் கைக்கு எட்டும் நொடி வரை என்ன நடக்கிறது என்பதை, அதாவது துவக்கத்தை (பூட்), மட்டும் பார்க்கலாம்.

சோதனைச் சாவியோடு சந்தைக்குப் போவது

கையொப்பம் சரியாக உள்ள மென்பொருளை மட்டும் எழவிடும் முறைதான் செக்யூர் பூட். அதன் அடிப்படை எளிது. சிப்பில் மாற்றவே முடியாத ரோம் நிரல், இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கர்னலைச் சரிபார்க்கும். இப்படி ஒரு சங்கிலி. எந்தச் சாவியின் கையொப்பத்தை நம்ப வேண்டும் என்பது சிப்புக்குள் இருக்கும் இ-ஃப்யூஸில் எரித்து வைக்கப்படும். எரித்ததைத் திருப்ப முடியாது.

சிக்கல் தொடங்குவது சிப் நிறுவனம் கொடுக்கும் மாதிரிச் சாவியில். 'இப்போதைக்கு இதை வைத்துப் பார்ப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தப் 'பிறகு' வருவதற்குள் சரக்கு லாரியில் ஏறிவிடுகிறது. பெரிய நிறுவனங்களே இதில் சிக்கியிருக்கின்றன. 2024 ஜூலையில் பைனார்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் 'பிகேஃபெயில்' என்று பெயரிட்டு வெளியிட்ட செய்தி அதுதான். கணினிகளுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தயாரிக்கும் ஏஎம்ஐ நிறுவனம் கொடுத்த மாதிரிச் சாவியைப் பல உற்பத்தியாளர்கள் மாற்றாமலேயே நூற்றுக்கணக்கான மாடல்களில் விற்றிருந்தார்கள். சான்றிதழின் பெயரிலேயே 'நம்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சாவியின் ரகசியப் பாதி இணையத்தில் கசிந்தும் இருந்தது.

தொழிற்சாலைச் சோதனையில் ஒரு படி சேருங்கள்: மாதிரிச் சாவியால் கையொப்பமிட்ட பதிப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், கருவி எழ மறுக்க வேண்டும். எழுந்தால் அந்தப் பெட்டி வெளியே போகக் கூடாது. சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை சாவிக்கு இடம் இருக்கிறது என்று கேளுங்கள். இஎஸ்பி32-எஸ்3 போன்ற சிப்களில் மூன்றுக்கு இடம் உண்டு; ஒன்று கசிந்தால் அதை ரத்து செய்துவிட்டு அடுத்ததற்கு மாறலாம். பழைய இஎஸ்பி32-இல் ஒன்றே ஒன்றுதான்.

பாதிச் சங்கிலி

கர்னலுக்குக் கையொப்பம் இட்டுவிட்டு, அதற்குக் கொடுக்கும் பூட் ஆர்க்யுமெண்ட்டுகளை (துவக்கக் குறிப்புகள்) யு-பூட் என்ற பூட்லோடரின் என்விரான்மெண்ட்டில் (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) யார் வேண்டுமானாலும் மாற்றும்படி விடுவது. சீரியல் கேபிளை மாட்டி, கவுண்ட்டவுன் ஓடும்போது ஒரு விசையைத் தட்டி, 'இனிட்' என்ற இடத்தில் ஷெல்லின் (கட்டளைகளை வாங்கும் நிரல்) பெயரைக் கொடுத்தால் ரூட் அனுமதி, அதாவது முழு அதிகாரம், கிடைத்துவிடும். அப்போதும் கையொப்பங்கள் எல்லாம் சரியாகவே இருக்கும்.

'நலம்' என்று அவசரப்பட்டுக் குறிப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

இரண்டு பகுதி முறையை இப்போது எல்லாரும் அறிவார்கள். ஃபிளாஷில் ஏ, பி என்று இரண்டு இடங்கள். ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பதிப்பை பி-யில் எழுதுகிறோம். அடுத்த துவக்கம் பி-யிலிருந்து நடக்கும். சரியாக எழாவிட்டால் பூட்லோடர் ஏ-க்குத் திரும்பிவிடும். ஆண்ட்ராய்டு 2016-இல் 7.0 பதிப்போடு இந்த முறையைக் கொண்டுவந்தது. யு-பூட்டில் இதற்காக 'பூட்கவுண்ட்' என்றொரு எண்ணி இருக்கிறது. ஒவ்வொரு துவக்கத்திலும் அது ஒன்று கூடும். 'பூட்லிமிட்' என்ற எல்லையைத் தாண்டினால் வழக்கமான கட்டளைக்குப் பதில் மாற்றுக் கட்டளை ஓடிப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். புதிய பதிப்பு நன்றாக எழுந்தால், அதுவே எண்ணியைப் பூஜ்யமாக்கி 'நலம்' என்று குறித்துவிட வேண்டும்.

அந்தக் குறியை எப்போது இடுவது? நான் பார்க்கிற வடிவமைப்புகளில் பெரும்பாலும் அது ஒரு துவக்க ஸ்கிரிப்டின் கடைசி வரியில் இருக்கிறது. சிலவற்றில் முதல் வரியிலேயே இருக்கிறது.

பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் மின்மீட்டர் படிக்கும் கேட்வேக்களை ஒரு நிறுவனம் மாட்டியிருந்தது. நிலைமை கைமீறிய பிறகு எங்களை அழைத்தார்கள். மீட்டரிலிருந்து ஆர்எஸ்-485 தகவல் கம்பி, உள்ளே ஒரு லினக்ஸ் போர்டு, வெளியே பேச 4ஜி மோடம். கர்னலைப் புதுப்பித்து ஓர் அப்டேட் அனுப்பியிருந்தார்கள். சோதிக்காமல் அனுப்பவில்லை, அலுவலகத்தில் பல நாள் ஓடிய பதிப்புதான். ஆனால் அலுவலக மேசையில் இருந்த கருவிகளுக்கு ஈதர்நெட் கேபிள் மாட்டியிருந்தது. புதிய கர்னலில் யுஎஸ்பி போர்ட்டுகள் வரிசை மாறி, மோடத்தின் கட்டளை போர்ட் 'டிடிஒய்யுஎஸ்பி2' என்ற பெயரிலிருந்து 'டிடிஒய்யுஎஸ்பி3' ஆகிவிட்டது. இணைப்பை உண்டாக்கும் நிரலில் பழைய பெயர் அப்படியே எழுதியிருந்தது.

கர்னல் எழுந்தது. ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆனது. துவக்க ஸ்கிரிப்ட் எண்ணியைப் பூஜ்யமாக்கி 'நலம்' என்று குறித்தது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தவறாமல் வாட்ச்டாக்கை (குறித்த நேரத்தில் தட்டாவிட்டால் கருவியை ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) தட்டிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது. கருவி மீட்டரை ஒழுங்காகப் படித்து, அனுப்ப வழியில்லாத எண்களை உள்ளேயே சேர்த்துக்கொண்டிருந்தது. ஏ பகுதியில் பழைய பதிப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அங்கே திரும்பிப் போகச் சொல்லத்தான் எவரும் இல்லை.

பிறகு கூடம் கூடமாக ஆள் போக வேண்டியதாயிற்று. லேப்டாப், சீரியல் கேபிள், ஏணி. பஞ்சுத் துகள் படிந்த பெட்டியைத் திறந்து, 1,15,200 பாட் வேகத்தில் இணைத்தால் திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது: போர்ட்டைத் திறக்க முடியவில்லை, 30 நொடியில் மீண்டும் முயற்சி. பக்கத்தில் நின்ற கூடத்து உரிமையாளர், "விளக்கு எரிகிறதே சார், என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த நிறுவனத்தின் மென்பொருளும் அதே விளக்கைப் பார்த்துத்தான் நலம் என்று முடிவு செய்திருந்தது. ஒரு கூடத்துக்குப் போய்வந்த செலவு அந்தப் பெட்டியின் விலையைத் தாண்டியது. சில வரி நிரல் இருந்திருந்தால் அத்தனை பெட்டிகளும் தாமாகவே பழைய பதிப்புக்குத் திரும்பியிருக்கும்.

அடுத்த அப்டேட் எந்த வழியில் வருமோ அந்த வழியிலேயே கருவி போக வேண்டும். அப்டேட் சர்வரைத் தொட்டு, சான்றிதழைச் சரிபார்த்து, ஒரு சிறு கோப்பையாவது இறக்கிய பிறகே குறி இட வேண்டும். ஏதோ ஒரு பொது முகவரிக்குப் பிங் போகிறது என்பது போதாது. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸோ சான்றிதழ்த் தொகுப்போ கெட்டிருந்தாலும் பிங் போகும். சிஸ்டம்டியில் இதற்கென்றே 'பூட்-கம்ப்ளீட்' என்ற டார்கெட் (துவக்கத்தின் ஒரு கட்டம்) இருக்கிறது. உங்கள் சோதனையை அதற்கு முன்னால் வையுங்கள். இஎஸ்பி சிப்களுக்கான இஎஸ்பி-ஐடிஎஃப் மென்பொருள் தொகுப்பில் ரோல்பேக் (பழையதுக்குத் திரும்பும்) வசதியை இயக்கினால், புதிய பதிப்பு 'சரிபார்ப்பு நிலுவை' என்ற நிலையில் எழும். நீங்கள் உறுதி செய்வதற்குள் ரீசெட் ஆனால் பழையதுக்குத் திரும்பும். அங்கேயும் உறுதி செய்கிற அழைப்பை மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, வசதி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன்.

இதைச் சொன்னதும் எழும் முதல் கேள்வி, 'அந்த நேரத்தில் டவரே படுத்திருந்தால்?' என்பது. படுத்திருந்தால் கருவி பழைய பதிப்புக்குத் திரும்பட்டும். டவர் எழுந்ததும் அப்டேட் மறுபடி வரும். இதில் இழப்பது கொஞ்சம் மொபைல் டேட்டா மட்டுமே. இணைப்புக்கு அரை மணி நேரம் அவகாசம் கொடுங்கள். ஒரே பதிப்பு ஒரே கருவியில் மீண்டும் மீண்டும் தோற்றால் சர்வர் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியை நம் ஊர்க்காரர்கள்தான் கேட்பார்கள்: மின்வெட்டு. எல்லையை 3 என்று வைத்திருக்கிறீர்கள். அப்டேட் ஆன பத்து நிமிடத்தில் மின்சாரம் நாலு தடவை போய் வருகிறது. நல்ல பதிப்பைக் கருவி தூக்கி எறிந்துவிடும். பெரும்பாலான சிப்களில் ரீசெட் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர் இருக்கிறது. வாட்ச்டாக்கால் வந்த ரீசெட்டையும் மின்சாரம் போய் வந்ததையும் தனித்தனியாக எண்ணுங்கள். மின்வெட்டுக்கு எல்லையைத் தாராளமாக வையுங்கள். ஆனால் அதை எண்ணாமலே விட்டுவிடக் கூடாது. புதிய பதிப்பே மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துக் கருவியை விழச் செய்தால் அதுவும் மின்வெட்டு போலவே பதிவாகலாம்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, அதுதான் மிக ஆபத்தானது. ஓட்டை உள்ள பழைய பதிப்புக்கு எதிரி நம்மைத் திருப்பிவிடாமல் இருக்க ஆன்டி-ரோல்பேக் வைக்கிறோம். இஎஸ்பி-ஐடிஎஃப்பில் அதை இயக்கியிருந்தால், புதிய பதிப்பை உறுதி செய்யும் அதே அழைப்பு பாதுகாப்பு எண்ணையும் (இதற்குக் குறைந்த எண் கொண்ட பதிப்பு எழாது) இ-ஃப்யூஸில் உயர்த்திவிடும். அவசரப்பட்டுக் குறி இட்டால் பழைய பதிப்பு நிரந்தரமாகச் செல்லாததாகிவிடும். புதியது இணைப்பு இல்லாமல் நிற்கும், பழையது எழ அனுமதி இல்லாமல் நிற்கும். பல்லடத்தில் ஏணி ஏறி மீட்க முடிந்தது. இங்கே சரியான பதிப்பைக் கையால் ஏற்றும் வழியையும் பாதுகாப்புக்காக அடைத்திருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடிகாரம் 1970-இல் நிற்பது

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான போர்டுகளில் ஆர்டிசி (மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம்) கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கடிகாரம் இல்லாத கருவி 1970-இலோ, கடைசியாகச் சேமித்த நேரத்திலோ விழிக்கும். சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறிந்துபோகும். நேரத்தையே பாதுகாப்பான இணைப்பில் வாங்க நினைத்தால் அதற்கும் நேரம் வேண்டும். பதிப்பு தயாரான தேதியை உள்ளே எழுதிவைத்து, கடிகாரம் அதைவிடப் பின்தங்கியிருந்தால் அந்தத் தேதிக்கு நகர்த்துங்கள். அங்கிருந்து, நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் என்டிபி சரி செய்துகொள்ளும்.

முதல் துவக்கத்தின் முதல் நொடியிலேயே சாவி உண்டாக்குவது

2012-இல் ஆய்வாளர்கள் இணையம் முழுக்கப் பொதுச் சாவிகளைத் திரட்டிப் பார்த்தபோது, ரௌட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள் பலவற்றில் ஒரே சாவியோ, பொதுக் காரணி கொண்ட, அதனால் எளிதில் உடைக்கக்கூடிய, ஆர்எஸ்ஏ சாவிகளோ இருந்தன. துவக்கத்தில் போதுமான தற்செயல்தன்மை சேர்வதற்குள் சாவி உண்டாக்கியதே காரணம். சிப்பின் ஹார்டுவேர் ராண்டம் ஜெனரேட்டரைப் பயன்படுத்துங்கள். கர்னல் தயார் என்று சொல்லும்வரை காத்திருங்கள்.

இணைப்புக்காகக் கைகட்டி நிற்பது

சிஸ்டம்டியில் 'நெட்வொர்க்-ஆன்லைன்' டார்கெட்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் அடுக்கினால், கேபிள் இல்லாத நாளில் கருவி இரண்டு நிமிடம் சும்மா நிற்கும். மீட்டரைப் படிக்க இணையம் எதற்கு?

எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் சர்வரைத் தட்டுவது

மின்சாரம் திரும்பினால் ஒரு ஃபீடரில் (ஒரே மின்பாதையில்) உள்ள எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக எழும். இணைப்புக்கு முன் தற்செயலான இடைவெளி விடுங்கள். கடிகாரத்தை விதையாக வைத்து அந்த எண்ணை எடுக்காதீர்கள். ஆர்டிசி இல்லாத கருவிகள் எல்லாம் ஒரே எண்ணைத்தான் எடுக்கும். சீரியல் நம்பரைக் கலந்துகொள்ளுங்கள்.

டிஎஃப்டிபி வழியாகத் துவக்குவது

நெட்வொர்க் வழியாகக் கோப்பை இறக்கும் எளிய முறை இது. ஆய்வகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் கொடுக்கிறார்கள் என்று அது கேட்பதே இல்லை.

பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காதது

அப்டேட் எழுதும்போது, என்விரான்மெண்ட் சேமிக்கும்போது, குறி இடும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள். கையால் முடியாது, ஒரு ரிலேயும் இரவு முழுக்க ஓடும் ஸ்கிரிப்டும் போதும். சோதனைக் கருவியில் ஈதர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, சிம் கார்டு போட்டு ஓட்டுங்கள்.