கேமராவில் சிக்கிய ஒகேனக்கல் படங்கள்

ஒகேனக்கல் பரிசலில் பாட்டி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி சிரிக்கிற படம் என் பழைய டிஜிட்டல் கேமராவில் மட்டும்தான் இருந்தது. தருமபுரி வந்து கம்ப்யூட்டரில் மாட்டினால் எதுவுமே வரவில்லை. போர்ட் மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்தேன், மெமரி கார்டு போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கிவிட்டது.

கோளாறு ஒயரில். ஏதோ ஸ்பீக்கரோடு வந்த மினி யூஎஸ்பி ஒயர் அது, முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் சார்ஜுக்கு மட்டும்தான், யூஎஸ்பி 2.0 ஒயரில் கரண்டுக்கு 2, டேட்டாவுக்கு 2 என்று 4 கம்பி இருக்க வேண்டும், இதில் டேட்டா கம்பியே கிடையாது. நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் 'டேட்டா கேபிள்' என்று அழுத்திக் கேட்டு வாங்கினேன். மாட்டி, கேமராவை ஆன் செய்து, மெனுவில் யூஎஸ்பி என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ் (கேமராவை பென் டிரைவ் மாதிரி காட்டும் முறை) வைத்ததும், படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டர் வந்து நின்றது. அப்பாடா!

சரி, ஒன்று மட்டும் கவனியுங்கள்: கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள், நடுவில் ஒயர் ஆடினாலும் படம் கார்டில் அப்படியே இருக்கும். 'ஃபார்மட் செய்யவா', அதாவது கார்டில் இருப்பதை அழிக்கவா என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாட்டி படத்தை அன்றைக்கே பிரிண்ட் போட்டுவிட்டேன்.