மார்ச் மேட்னஸ்ல (அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் டோர்னமென்ட்) நம்ம டீம் அவுட்டா? அன்னிக்கு ராத்திரி இத பண்ணுங்க

ஃபைனல் பஸர் அடிச்சதும் மொத வேலையா போன தூக்கி வேற ரூம்ல வைங்க, ஏன்னா அந்த சூட்டுல ஃப்ரீ த்ரோ மிஸ் பண்ண பையன திட்டி எதையாவது போட்டுட்டு காலைல நாமளே டெலீட் பண்ணிட்டு இருப்போம், அவனும் காலேஜ் படிக்கிற பையன்தானே பாவம். ஹைலைட்ஸ் ரெண்டு நாளைக்கு வேணாம். சாப்பிட்டு படுங்க, வெறும் வயித்துல இன்னும் கசக்கும், அனுபவத்துல சொல்றேன்.

68 டீம் வருது, ஒரு மேட்ச் தோத்தா மூட்டைய கட்டணும், அப்போ 67 டீமோட ரசிகருங்க நம்மள மாதிரிதான் உக்காந்திருப்பாங்க. ரொம்ப வலிச்சா வர்ஜீனியா டீம நெனச்சுக்கோங்க, 2018ல நம்பர் 1 சீடா (சீட்னா டோர்னமென்ட்ல குடுக்குற ரேங்க், 1 உசத்தி, 16 கடைசி) வந்து 16வது சீட் யூஎம்பிசி டீம் கிட்ட 74-54னு தோத்தாங்க, ஆண்கள் டோர்னமென்ட்ல அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல, ஆனா அடுத்த வருஷமே டெக்சஸ் டெக்க ஓவர்டைம்ல 85-77னு அடிச்சு சாம்பியன் ஆயிட்டாங்க. பர்டியூவும் 2023ல மொத ரவுண்டுலயே ஃபேர்லி டிக்கின்சன் கிட்ட கவுந்துட்டு 2024ல ஃபைனல் வரைக்கும் போனாங்க (அங்க யூகான் அடிச்சுட்டாங்க, அது வேற கத).

பிராக்கெட்ட (எந்த மேட்ச்ல யாரு ஜெயிப்பாங்கன்னு நாம எழுதி வெச்ச சார்ட்) மட்டும் கோவத்துல கிழிச்சுடாதீங்க, மிச்ச மேட்ச் பாக்க வேணும்ல.