சைட் கேமரா: ராத்திரிப் பதிவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கட்டட வேலை நடக்கும் சைட்டில் கேமரா மாட்டிய அன்று மத்தியானமே செல்போனில் பார்த்துவிட்டு, 'படம் நல்லாத்தான் இருக்கு' என்று கணக்கை முடிப்பதுதான் பெரிய தவறு. போனில் நேரலையாக வருவது பெரும்பாலும் சப் ஸ்ட்ரீம், அதாவது தரம் குறைத்த சின்னப் படம்; டிஸ்க்கில் பதிவாவது வேறு. கம்பியும் மோட்டாரும் களவு போவது ராத்திரியில். அதனால் இருட்டிய பிறகு ஒருவரைக் கேட் வழியாக நடக்கவிட்டு, அந்தப் பதிவைப் பென்டிரைவில் எடுத்துக் கணினியில் பாருங்கள். கேமராவுக்கு நேர்குறுக்காக ஒரு மீட்டர் கம்பித் துண்டையும் அவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நிறுத்திய படத்தில் கம்பி 250 பிக்சல் நீளம் இருந்தால் முன்பின் தெரியாத முகத்தையும் அடையாளம் காட்டலாம். 125 என்றால் பழகிய ஆள்தானா என்று சொல்லலாம். 25 என்றால் யாரோ நிற்கிறார், அவ்வளவுதான்.

2.8 மி.மீ. லென்ஸ் போட்ட 4 மெகாபிக்சல் கேமரா 10 மீட்டர் தள்ளி மீட்டருக்குச் சுமார் 100 பிக்சல்தான் தரும். சைட் முழுக்கப் பார்க்க அது போதும். கேட்டுக்கு, குறுகலாக நெருக்கிக் காட்டும் 6 மி.மீ. லென்ஸில் தனிக் கேமரா வேண்டும். கேட்டில் ஒரு எல்.இ.டி. விளக்கும் போட்டு, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 நொடிக்கு மாற்றுங்கள். 1/25லேயே விட்டால் நடக்கிற ஆள்கூட இழுபட்டுத் தெரிவார்.

சாரக்கம்பில் கேமராவைக் கட்டுவது இங்கே திருநெல்வேலிப் பக்கம் சரிப்படாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் பாளையங்கோட்டை வரை எல்லாம் ஆடும். படம் முழுக்க அசைந்தால், ஒதுக்கிய பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்கான டேட்டா அளவு) போதாமல் கட்டம் கட்டமாக உடையும். கான்கிரீட்டில் ஊன்றிய ஜி.ஐ. பைப்தான் சரி.

ராத்திரி படம் வெள்ளையாக மங்கினால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடியில் படிந்த எம்-சாண்ட் தூசியும் சிலந்தி வலையும், இருட்டில் பார்க்கக் கேமரா வீசும் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் பிரஷ், பிறகு ஈரத்துணி. ராத்திரி மட்டும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறதா? நீள ஒயரில் 12 வோல்ட் இறங்கியிருக்கும். இன்ஃப்ராரெட் எரியும்போது கேமரா முனையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

டிஸ்க் கணக்கையும் முன்னாலேயே போடுங்கள். பிட்ரேட் 4 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 4 மெகாபிட்) என்றால் ஒரு கேமராவுக்கு நாளைக்கு 43 ஜி.பி.; நாலு கேமராவுக்கு 1 டி.பி. ஆறு நாள்கூடத் தாங்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து கம்பியை எண்ணும்போது, களவு போன ராத்திரியின் மேல் புதுப் பதிவு ஏறியிருக்கும்.