பம்பைக் கழற்றும் முன்: களத்தில் நின்றுபோன பழைய டீசல் இன்ஜினைச் சோதிக்கும் முறை

திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் கம்ப்ரசர், கரூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் ஓடும் பொக்லைன், காங்கேயத்துத் தென்னந்தோப்பில் குழி எடுக்கும் ஜேசிபி என எதுவானாலும், கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்து இயந்திரம் வேலை நடுவில் நின்றுவிட்டால் ஸ்கேனர் உதவாது. கண்ணையும் காதையும் மூக்கையும் நம்பித்தான் கோளாறைத் தேட வேண்டும். இத்தகைய இன்ஜினுக்குத் தேவையானவை சில மட்டுமே: தடையில்லாத காற்று, காற்றுப் புகாத சுத்தமான டீசல், போதிய வேகத்தில் சுழற்றும் செல்ப் மோட்டார், சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும் கம்ப்ரஷன், டீசல் சரியான நேரத்தில் பாயும் டைமிங். இவற்றில் எது குறைகிறது என்பதை, செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ள சோதனைக்குச் செல்லும் வரிசையில் பார்ப்பதே சரி. இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே டீசல் பம்பில் (நாசில்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய பம்ப்) ஸ்பேனரை வைப்பதால் வீணாகும் பணமும் நாளும் கொஞ்சமல்ல.

முதலில் ஆபரேட்டரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இருமல் எதுவும் இல்லாமல் சட்டென்று நின்றிருந்தால், டீசலை நிறுத்தும் ஸ்டாப் சொலினாய்டோ (மின்சார வால்வு) ஸ்டாப் கேபிளோ மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். திணறித் திணறி நின்றிருந்தால் டீசல் வரும் வழியைச் சந்தேகிக்க வேண்டும். சூடேறி, இழுவை குறைந்து, உள்ளே இரும்பு உரசும் ஓசையோடு நின்றிருந்தால் செல்ப் போடவே கூடாது. கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, இன்ஜின் தடையின்றி முழுச் சுற்றுச் சுற்றுகிறதா என்று கையால் பார்க்க வேண்டும். அதோடு ஆயில் கம்பியையும் உருவிப் பாருங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; அளவு கூடி, டீசல் வாசம் அடித்தால் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயாபிரம் (சவ்வு) கிழிந்தோ, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் ஒழுகியோ இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் காரணம் தெரியாமல் இன்ஜினை ஓட்டினால் பேரிங் போய்விடும்.

பேட்டரியைச் சோதிக்க அதிக நேரம் தேவையில்லை. 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டி, செல்ப் போடும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால், டெர்மினல்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எர்த் கேபிளை இறுக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் டீசல் பற்றும் அளவுக்குக் காற்று சூடேறாது.

அடுத்து, செல்ப் போடச் சொல்லிவிட்டு சைலன்சர் வாயைக் கவனியுங்கள். புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. கண் எரியும் வெள்ளைப் புகை வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. கம்ப்ரஷனையும் டைமிங்கையும் பார்க்க வேண்டும்.

டீசல் போகவில்லை என்று தெரிந்ததும், டேங்கிலிருந்து பம்பை நோக்கி அங்குலம் அங்குலமாக வர வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வெள்ளகோயில் அருகே ஒரு தோப்பில், ஒரு மணி நேரம் ஓடி நிற்பதும் சற்று ஆறியபின் மறுபடி ஓடுவதுமாக இருந்த இன்ஜினுக்கு நான் பம்பைக் கழற்றி ஈரோட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் வேலை கெட்டது. பம்பைத் திரும்ப மாட்டிய பிறகும் அதே கோளாறு நீடித்தது; டேங்க் மூடியின் காற்றுத் துளையைச் செம்மண் அடைத்திருந்தது. டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. இப்படி ஓடி ஓடி நிற்கும் இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்ப்பதே என் முதல் சோதனையாக அன்றிலிருந்து இருக்கிறது.

மூடி சரியாக இருந்தால், சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, இன்ஜினுக்கு மேலே உயரமாக வைத்து, டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். அதில் நன்றாக ஓடினால் கோளாறு டேங்கிலோ அதன் பைப்பிலோதான் இருக்கிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பைப்பில் சிறு வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. இன்ஜின் இழுக்கும்போது காற்றுதான் உள்ளே நுழையும். அதனால்தான் இந்தக் கோளாறு பலர் கண்ணில் படுவதில்லை. அந்த இடத்தில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு முழம் பிளாஸ்டிக் ஹோஸை மாட்டினால் குமிழிகள் ஓடுவது தெரிந்துவிடும். ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, கைப் பம்பை அடித்தபடியே முதலில் ஃபில்டர் தலையின் ஸ்க்ரூவையும், பிறகு பம்பின் ஸ்க்ரூவையும், கடைசியில் செல்ப் போட்டுக்கொண்டு நாசில் நட்டுகளையும் நுரை நிற்கும்வரை தளர்த்திவைக்க வேண்டும்.

பழைய இன்ஜின்களிலும் நாசில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவு அழுத்தத்தில்தான் திறக்கிறது; அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோலத் தெரிந்தாலும் அது அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் என்பதால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹை பிரஷர் பைப்பில் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

இன்ஜின் ஓடியும் மிஸ்ஸிங் அடித்தால் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் ஓசை தடுமாறினால்), ஐடிலில் விட்டுக் கண்ணாடி அணிந்து, நாசில் நட்டைத் துணியால் சுற்றி ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில் கோளாறு. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறுகிறதா என்பதிலிருந்து நாசிலா, டேப்பெட்டும் வால்வுமா என்று பிரித்தறியலாம்.

கரும்புகையோடு இழுவை குறைவதற்கு, நம் கொங்குப் பக்கத்தில் காற்றைத்தான் முதலில் குறை சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் கிளப்பும் புழுதியும், ரிக் கக்கும் கல்மாவும் ஏர் கிளீனரை வெகு சீக்கிரம் அடைத்துவிடும். பேப்பர் எலிமெண்டை உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதலாம். தரையில் ஓங்கித் தட்டக் கூடாது, அது இல்லாமல் ஓட்டவும் கூடாது. ஏர் கிளீனருக்கும், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் இடையிலுள்ள ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் கல்மாவு நேராக உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் தின்றுவிடும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக வைக்கும்போது அது துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன் ஏறியிருக்கிறது, அதாவது சிலிண்டரின் அழுத்தம் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குக் கசிகிறது என்று பொருள். அதற்குக் களத்தில் வைத்தியம் இல்லை. டர்போ சீல் போய் ஆயிலைக் குடித்து இன்ஜின் தானாக ரேஸ் ஆனால் டீசலை நிறுத்தியும் அடங்காது. காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். உள்ளங்கையை வைக்கவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, சுத்தமான டீசல் பம்ப் வரை வந்தும் நாசிலுக்குப் போகவில்லையென்றால், அப்போது பம்பைக் கழற்றலாம். கழற்றுமுன் டைமிங் குறியும் பம்ப் ஃபிளாஞ்சும் பொருந்தும் இடத்தில் உளியால் கோடு போட்டு, கழற்றியதும் பைப் வாய்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் கட்டி, நாசில்களையும் பம்போடு சேர்த்து டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்புங்கள்.